முகநூல் கடைக்கு முதலாளி யார்?

பினாங்கு ஜோர்ஜ்டவுன் நகரின் மையத்திலிருந்து ஆயர் ஈத்தாம் பக்கம் நீண்டு செல்லும் ஜாலான் டத்தோ கிராமாட், வியாபாரத்தின் பல தலைமுறைகளைப் பார்த்த சாலை. ஈயம் உருக்கிய ஈஸ்டர்ன் ஸ்மெல்டிங் ஆலை ஒரு காலத்தில் இருந்த இடத்தில் இன்று பினாங்கு டைம்ஸ் ஸ்குவேர் வணிக வளாகம் நிற்கிறது. பாடாங் பிரவுன் பக்கம் போனால் அங்காடிக் கடைகள். இந்தச் சாலையைச் சுற்றியுள்ள இந்தியக் குடும்பங்களின் வீட்டுச் சுவரில் ஆண்டுதோறும் தவறாமல் மாட்டப்பட்டு வந்த ஒரு பொருள் உண்டு. நகைக் கடைக்காரரோ, மளிகைக் கடைக்காரரோ இலவசமாகக் கொடுத்த தினசரி நாள்காட்டிதான் அது.

ராகு காலம் பார்க்க வேண்டும், நல்ல நேரம் பார்க்க வேண்டும், கார்த்திகை எந்தக் கிழமை என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் கடையின் பெயர் கண்ணில் படும். ஆண்டுக்கு 365 நாளும் வீட்டுக்குள்ளேயே நிற்கும் விளம்பரம்! அச்சடித்த செலவை நாள் கணக்கில் வகுத்துப் பார்த்தால் இதைவிட மலிவான விளம்பரம் வேறு இருந்திருக்க முடியாது. அதற்கு அடுத்தது வாய்ச் சொல். "அந்தக் கடையில் வாங்கு, ஏமாற்ற மாட்டார்கள்" என்று அத்தை சொன்னால் அதற்கு மேல் விசாரணை கிடையாது.

இன்று சமூக ஊடகம் என்று சொல்லப்படுவது உண்மையில் இந்த இரண்டும் சேர்ந்த ஒன்றுதான். நாள்காட்டியைப் போல வீட்டுக்குள் வருகிறது. அத்தையைப் போலப் பரிந்துரையும் செய்கிறது. ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. நாள்காட்டி மாட்டிய ஆணி வீட்டுக்காரருக்குச் சொந்தம். முகநூலிலும் டிக்டாக்கிலும் அந்த ஆணி வேறொருவருக்குச் சொந்தம். கைத்தொழிலை நம்பி இணையத்தில் இறங்கும் சிறு வியாபாரிகள் பலர் இந்த ஒன்றைக் கவனிக்கத் தவறிவிடுகிறார்கள்.

ஒருவர் பேசிய காலம்

பத்திரிகையும் வானொலியும் தொலைக்காட்சியும் ஒருவர் பேசப் பலர் கேட்கும் ஊடகங்கள். விளம்பரம் கொடுப்பவர் பேசுவார், வாங்குபவர் கேட்பார். பிடிக்கவில்லை என்றால் பக்கத்தைத் திருப்பலாமே தவிர, பதில் சொல்ல வழியில்லை. சமூக ஊடகத்தில் வாங்குபவரும் பேசுகிறார். "போன தீபாவளிக்கு இவரிடம் வாங்கிய அதிரசம் கல்லாக இருந்தது" என்று அவர் எழுதிவிட்டால், அந்த ஒரு வரி, கடைக்காரர் போட்ட பத்துப் படங்களைவிட அதிகம் படிக்கப்படும்.

இந்த மாற்றத்தின் வலிமையை மலேசியாவில் முதலில் உணர்ந்தவர்கள் வியாபாரிகள் அல்லர், அரசியல்வாதிகள். 2008 மார்ச் பொதுத் தேர்தலில் பினாங்கு உட்பட சில மாநிலங்களில் ஆட்சி மாறிய பிறகு, இணையத்தைக் குறைத்து மதிப்பிட்டது பெரிய தவறு என்று அப்போதைய பிரதமர் அப்துல்லா அகமட் படாவியே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அதன் பிறகு எந்தக் கட்சியும் அந்தத் தவற்றைச் செய்யவில்லை. வியாபாரிகள் விழித்துக்கொள்ள இன்னும் சில காலம் பிடித்தது.

பிரண்ட்ஸ்டர் சொல்லும் கதை

இன்று நாற்பது வயதை நெருங்கும் மலேசியர்களைக் கேட்டால், முகநூலுக்கு முன்பே பிரண்ட்ஸ்டர் என்று ஒன்று இருந்ததை நினைவுகூர்வார்கள். 2002இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட அந்தத் தளம், சொந்த நாட்டில் சரிந்த பிறகும் தென்கிழக்காசியாவில் கொடிகட்டிப் பறந்தது. இணையக் கடைகளில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார்ந்து, படங்களை ஏற்றி, நண்பர்களிடம் நாலு நல்ல வார்த்தை எழுதி வாங்கிய காலம் அது.

2009 டிசம்பரில் அதை வாங்கியது ஒரு மலேசிய நிறுவனம் என்பது பலருக்கு மறந்து போயிருக்கலாம். கணேஷ் குமார் பங்கா தலைமையேற்று நடத்திய எம்.ஓ.எல். குளோபல்தான் அது. உலகமே பயன்படுத்திய ஒரு சமூக வலைத்தளம் மலேசியக் கைக்கு வந்தது அன்று பெரிய செய்தி. ஆனால் அதற்குள் மக்கள் முகநூலுக்குக் குடிபெயரத் தொடங்கியிருந்தார்கள். 2011இல் பிரண்ட்ஸ்டர் விளையாட்டுத் தளமாக உருமாறியது. பயனர்கள் ஏற்றிவைத்த படங்கள், பதிவுகள், செய்திகள் எல்லாம் அவ்வாண்டு மே மாத இறுதியோடு அழிக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. 2015இல் தளமே நிறுத்தப்பட்டது.

அன்று அழிந்தவை பெரும்பாலும் கல்லூரிக் காலப் படங்கள். வருத்தம் உண்டு, நட்டம் இல்லை. அந்த இடத்தில் ஒரு குடும்பத்தின் வாடிக்கையாளர் பட்டியல் இருந்திருந்தால்?

வாடகை அஞ்சடி

டத்தோ கிராமாட் வட்டாரத்தின் அடுக்குமாடி வீடு ஒன்றில் முறுக்கு சுட்டு விற்கும் ஒரு குடும்பத் தலைவியை உதாரணத்திற்கு எடுத்துக்கொள்ளலாம். கடை வாடகை கொடுக்க அவரால் முடியாது. முகநூலில் ஒரு பக்கம் திறக்கக் காசு வேண்டாம். நிறுவனங்களும் வியாபாரிகளும் தனிப் பக்கம் திறக்கும் வசதியை முகநூல் 2007 நவம்பரில் கொண்டு வந்தது. மாவு பிசைவதைப் படம் எடுத்துப் போடுகிறார். உறவினர்கள் விருப்பக் குறி இடுகிறார்கள். உறவினர்களின் நண்பர்கள் கண்ணில் படுகிறது. ஜெலுத்தோங்கிலிருந்தும் கடல் தாண்டி பட்டர்வொர்த்திலிருந்தும் கேட்கிறார்கள். இது நடக்கக்கூடியது; பலருக்கு நடந்தும் இருக்கிறது.

சிக்கல் அடுத்த கட்டத்தில் வருகிறது. ஆயிரம் பேர் அவருடைய பக்கத்தைப் பின்தொடர்ந்தால், அவர் போடும் படம் ஆயிரம் பேருக்கும் போய்ச் சேரும் என்றுதான் அவர் நினைப்பார். அப்படிச் சேர்வதில்லை. ஒவ்வொருவர் கைப்பேசித் திரையிலும் எது முதலில் வர வேண்டும், எது வரவே கூடாது என்பதை முகநூலின் கணினிக் கணக்கு முடிவு செய்கிறது. யார் எதை அதிக நேரம் பார்க்கிறார், எதற்குப் பதில் எழுதுகிறார் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் சேரும். 2018 ஜனவரியில் மார்க் சக்கர்பெர்க் ஓர் அறிவிப்பு செய்தார். குடும்பத்தினர், நண்பர்கள் பதிவுகளுக்கே இனி முன்னுரிமை. நிறுவனங்களின் பதிவுகள் குறைவாகவே காட்டப்படும் என்றார். காரணம் கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முறுக்கு விற்பவருக்கு அதன் பொருள், நேற்று வரை இலவசமாகப் போய்ச் சேர்ந்த செய்திக்கு இன்று முதல் காசு கட்ட வேண்டும் என்பதுதான்.

பழைய ஜோர்ஜ்டவுன் கடைவீடுகளின் முன்னால் இருக்கும் அஞ்சடி நடைபாதை எல்லாருக்கும் தெரியும். அதில் பெட்டி வைத்துப் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர். மழைக்கு நனையாத நல்ல இடம், ஆள் நடமாட்டமும் உண்டு. ஆனால் கடைக்காரர் மனம் மாறினால் பெட்டியைத் தூக்க வேண்டியதுதான். முகநூல் பக்கம் என்பது அப்படிப்பட்ட அஞ்சடி.

காசு கட்டினால் கிடைப்பது சிறிய பலன் அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். பத்திரிகை விளம்பரம் நாடு முழுதும் போகும். முறுக்கோ நாலு தாமான் தாண்டினால் நொறுங்கிவிடும். முகநூல் விளம்பரத்தில், ஜோர்ஜ்டவுனைச் சுற்றி இத்தனை கிலோமீட்டருக்குள், இந்த வயதினருக்கு மட்டும் காட்டு என்று சொல்லலாம். ஒரு நாளைக்கு இவ்வளவு ரிங்கிட்டுக்கு மேல் வேண்டாம் என்று வரம்பும் கட்டலாம். பின்னணியில் நடப்பது ஏலம். ஒரே திரைக்குப் பல விளம்பரதாரர்கள் போட்டி போடுகிறார்கள். தீபாவளி நெருங்க நெருங்கப் போட்டியிடுவோர் கூட, விலையும் ஏறும். பெரிய துணிக்கடையும் சிறிய முறுக்குக்காரியும் ஒரே ஏலத்தில் நிற்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், திருவிழாவுக்கு முந்தைய வாரம் பணம் போடுவதைவிட இரண்டு மாதம் முன்னதாகவே பழக்கம் பிடித்து வைப்பது எவ்வளவு மேல் என்பது விளங்கும்.

கதவடைத்த தீபாவளி

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, சந்தைப்படுத்துதல் என்ற சொல்லையே கேள்விப்படாதவர்கள்கூட அதைச் செய்யத் தொடங்கினார்கள். வேறு வழி இல்லை. அவ்வாண்டு தீபாவளி நவம்பர் 14ஆம் தேதி. அதற்குச் சில நாள் முன்புதான் பினாங்கு மீண்டும் நிபந்தனையுடன் கூடிய கட்டுப்பாட்டுக்குள் வந்திருந்தது. லிட்டில் இந்தியாவில் தோளோடு தோள் உரசி வாங்கும் கூட்டத்துக்கு வழியில்லை. சேலை வியாபாரிகள் கைப்பேசியை நிறுத்தி வைத்து முகநூல் நேரலையில் ஒவ்வொரு சேலையாகப் பிரித்துக் காட்டினார்கள். பிடித்தவர் அந்தச் சேலையின் எண்ணைக் கருத்துப் பகுதியில் எழுதினால் அது அவருக்கு. பலகாரம் விற்பவர்கள் புலனத்தில் விலைப்பட்டியல் அனுப்பினார்கள்.

அதே ஆண்டில்தான் பேராக் மாநிலத்தைச் சேர்ந்த சுகு பவித்ரா தம்பதியரை நாடே அறிந்தது. எளிய சமையலறை, எளிய பாத்திரங்கள், சரளமான மலாய். யூடியூப்பில் அவர்கள் போட்ட சமையல் காணொளிகளை, தொடங்கிய சில மாதங்களிலேயே லட்சக்கணக்கானோர் பின்தொடர்ந்தார்கள். விளம்பர நிறுவனம் எதுவும் அப்படி ஒரு காணொளியைத் திட்டமிட்டுத் தயாரித்திருக்காது. ஒளியமைப்பு போதாது, அலங்காரம் போதாது என்று தள்ளியிருக்கும். பார்த்தவர்களுக்குப் பிடித்ததே அந்தப் போதாமைதான். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தமிழ்க் குடும்பச் சமையலை அவர்கள் மலாய் மொழியில் சொன்னதால், பக்கத்து வீட்டு மலாய்க்காரரும் சீனரும் பார்த்தார்கள். தமிழருக்கு மட்டும் விற்பது என்று முடிவு செய்துகொண்டால் சந்தை அந்த அளவோடு நின்றுவிடும். மொழிப்பற்று வேறு, விலைப்பட்டியல் வேறு.

விளம்பரமே செய்யாமல் விளம்பரம் பெறுபவர்களும் உண்டு. ஜாலான் குர்துவாராவில் உள்ள டீன் நாசி கண்டார் கடையின் முன் நிற்கும் வரிசையைப் பினாங்குக்காரர்கள் அறிவார்கள். வரிசையில் நிற்பவர் சும்மா நிற்பதில்லை. படம் எடுக்கிறார், பதிவேற்றுகிறார். அந்தப் படத்தைக் கோலாலம்பூரில் பார்த்தவர் அடுத்த விடுமுறைக்கு வந்து அதே வரிசையில் நிற்கிறார். கறி நன்றாக இல்லாவிட்டால் இந்தச் சக்கரம் ஒரு சுற்றுக்கூடச் சுற்றாது.

டிக்டாக் வந்தபின் இது இன்னும் வேகமெடுத்தது. முகநூலில் யாரைத் தெரியும் என்பது முக்கியம். டிக்டாக்கில் அது அவ்வளவு முக்கியம் இல்லை. புதிதாகப் போட்ட காணொளியைச் சிலருக்குக் காட்டிப் பார்க்கிறது. அவர்கள் கடைசி வரை பார்த்தால் இன்னும் பலருக்குக் காட்டுகிறது. ஒருவர்கூடப் பின்தொடராதவரின் காணொளியும் ஒரே இரவில் ஊர் முழுக்கப் பரவ வாய்ப்பிருக்கிறது. 2022இல் மலேசியாவில் டிக்டாக் கடை வசதியும் வந்ததால், பார்த்த இடத்திலேயே வாங்கிவிடலாம் என்றாகிவிட்டது. ஒரே இரவில் வந்த கூட்டம் ஒரே இரவில் போகவும் செய்யும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஐம்பது டப்பா முறுக்கு சுடும் கைக்கு ஐந்நூறு டப்பா கேட்டு வந்தால், அது வாய்ப்பா வினையா என்பது அந்த வீட்டுக்குத்தான் தெரியும்.

வாங்குபவர் பக்கம்

சுலபமாகக் கடை திறக்க முடியும் என்றால், சுலபமாக ஏமாற்றவும் முடியும். தமிழ்நாட்டுப் பெரிய துணிக்கடைகளின் படங்களைத் திருடி, பட்டுச் சேலை ஐம்பது ரிங்கிட் என்று விளம்பரம் போட்டுப் பணம் வாங்கியதும் மறைந்துவிடும் பக்கங்கள் ஒவ்வொரு பண்டிகைக்கும் முளைக்கின்றன. இதைவிட ஆபத்தானது முகம் வெளுக்க வைக்கும் களிம்பு வியாபாரம். சரும நிறத்தைப் பற்றிய நம் சமுதாயத்தின் தாழ்வு மனப்பான்மைதான் அதற்கு முதலீடு. பாதரசம் கலந்த இத்தகைய களிம்புகள் சிறுநீரகத்தையும் நரம்பு மண்டலத்தையும் பாதிக்கக்கூடியவை. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. பாதரசம், ஹைட்ரோகுயினோன், டிரெட்டினோயின் கலந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்ட அழகுப் பொருள்களின் பெயர்களைச் சுகாதார அமைச்சும் அவ்வப்போது வெளியிடுகிறது. சட்டப்படி விற்கப்படும் அழகுப் பொருளுக்கு அமைச்சில் பதிவு எண் இருக்கும். 'நோட்' என்ற எழுத்துகளில் தொடங்கி 'கே'யில் முடியும் அந்த எண்ணைக் கேட்டாலே பாதி வியாபாரிகள் பதில் சொல்லாமல் போய்விடுவார்கள்.

இணையத்தில் விற்பவர் தம் பெயர், வியாபாரப் பதிவு எண், தொடர்பு விவரம், முழு விலை ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி மலேசியாவில் 2013 ஜூலையிலிருந்தே இருக்கிறது. "விலைக்கு உள்பெட்டியில் கேளுங்கள்" என்று எழுதும் பழக்கம் இந்த விதிக்கு ஒவ்வாதது என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது. 2025 ஜனவரி முதல், மலேசியாவில் 80 லட்சத்துக்கு மேற்பட்ட பயனர்களைக் கொண்ட சமூக ஊடகங்கள் உரிமம் பெற வேண்டும் என்ற விதியும் நடப்புக்கு வந்தது.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். பணம் அனுப்புவதற்கு முன், விற்பவரின் வங்கிக் கணக்கு எண்ணையோ தொலைபேசி எண்ணையோ காவல்துறையின் 'செமாக் மியூல்' இணையப்பக்கத்தில் தட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த எண்மீது ஏற்கெனவே புகார் இருந்தால் காட்டிவிடும். பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனே 997 என்ற எண்ணை அழைக்க வேண்டும். மறுநாள் வரை வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்குப் பணம் திரும்பக் கிடைப்பது அரிது. பதிவு பெற்ற வியாபாரி தரமற்ற பொருளை அனுப்பினால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. ஐந்து ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமல், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டு போகலாம்.

நேர்மையான சிறு வியாபாரிக்கு இந்த மோசடிகளால் வரும் நட்டம் கணக்கில் வருவதில்லை. ஒருமுறை ஏமாந்தவர் அடுத்து வரும் உண்மையானவரையும் நம்ப மாட்டார். அந்த முறுக்குக்காரி, ஆண்டுக்கு முப்பது ரிங்கிட் கட்டி மலேசிய நிறுவன ஆணையத்தில் தம் சொந்தப் பெயரில் வியாபாரத்தைப் பதிந்துகொண்டு, உணவு கையாளுவோர் பயிற்சியையும் தைபாய்டு தடுப்பூசியையும் முடித்துக்கொண்டு, அவற்றைப் படம் எடுத்துத் தம் பக்கத்தின் மேலே போட்டுவிட்டால், அதைவிட நல்ல விளம்பரத்தை எந்த நிபுணரும் எழுதித் தர முடியாது. கருத்தரங்குக்கு நூற்றுக்கணக்கில் கட்டணம் வசூலிக்கும் 'சமூக ஊடக வித்தகர்கள்' இதைச் சொல்வதில்லை.

குறிப்புப் புத்தகம்

2021 அக்டோபர் 4ஆம் தேதி இரவு, மணி பன்னிரண்டை நெருங்கும் வேளையில், முகநூல், இன்ஸ்டாகிராம், புலனம் மூன்றும் உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் நின்றன. மூன்றும் ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பதால் மூன்றும் சேர்ந்தே விழுந்தன. ஏறக்குறைய ஆறு மணி நேரம் கழித்து, மலேசியாவில் விடியும் வேளையில், திரும்ப வந்தன. இங்கே பலரும் உறங்கிவிட்டதால் பெரிதாகத் தெரியவில்லை. அது பகலாக இருந்திருந்தால்? அன்றிலிருந்து சரியாக ஒரு மாதத்தில் தீபாவளி. முன்பதிவு வரத் தொடங்கும் காலம்.

ஆறு மணி நேரத் தடங்கலாவது எல்லாருக்கும் பொதுவானது. ஒரு தனி வியாபாரியின் பக்கத்தை யாரோ கைப்பற்றிவிட்டாலோ, ஏதோ விதியை மீறியதாகச் சொல்லி அது முடக்கப்பட்டாலோ, கேட்பதற்கு ஆள் இல்லை. முறையீட்டுப் படிவத்தை நிரப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். ஐந்தாண்டில் சேர்த்த மூவாயிரம் பின்தொடர்வோரில் முப்பது பேரின் தொலைபேசி எண்கூடக் கையில் இல்லை என்பது அப்போதுதான் உறைக்கும்.

அதனால்தான் அனுபவப்பட்ட வியாபாரிகள் பழைய பழக்கத்தை விடுவதில்லை. வாங்கியவர் பெயர், எண், என்ன வாங்கினார், எப்போது வாங்கினார் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கிறார்கள். முகநூலும் டிக்டாக்கும் புதிய ஆளைக் கொண்டு வந்து விடும் வாசல். வந்தவரை உட்கார வைக்கும் திண்ணை சொந்தமாக இருக்க வேண்டும். 2018இல் வந்த வாணிபப் புலனம் செயலி இதற்கு ஓரளவு உதவும். வாடிக்கையாளர் 256 பேர் வரை ஒரு பட்டியலில் சேர்த்து, ஒரே செய்தியைத் தனித்தனியாகப் போவது போல அனுப்பலாம். ஆனால் அதில் ஒரு நுணுக்கம் உண்டு. விற்பவரின் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். சேமிக்காதவருக்குப் போகவே போகாது. அனுப்பியவருக்கு அது தெரியவும் தெரியாது.

விவரம் தெரிந்த பலகாரக்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். டப்பாவின் மூடியில் சிறு காகிதம் ஒன்றை ஒட்டி, "எங்கள் எண்ணைச் சேமித்து வையுங்கள், அடுத்த முறை சுடும்போது முதலில் உங்களுக்குச் சொல்கிறோம்" என்று எழுதிவிடுகிறார்கள். அந்தக் காலத்து நாள்காட்டியின் அடியில் கடைக்காரர் தம் தொலைபேசி எண்ணை அச்சடித்த இடமும் அதுதான்.